குஞ்சின் நோய், தாயின் சினைப்பையில்



பொரிச்ச சில நாளிலேயே குஞ்சுகள் பின்பக்கம் வெள்ளையா ஒட்டிக்கிட்டு, ஒடுங்கி நின்று சாவதைப் பார்த்திருப்பீங்க. ராணிக்கெட்டையும் நாம வெள்ளைக் கழிச்சல்னுதான் சொல்றோம், அது வைரஸ். இது புல்லோரம், பாக்டீரியா நோய்.

அமெரிக்காவில் ரெட்கர் என்ற அறிஞர் 1899-இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். குஞ்சுக்கு அது எங்கிருந்து வந்தது? தாய்க் கோழியின் சினைப்பையிலிருந்து! நோயில் பிழைத்த பெட்டைக் குஞ்சு வளர்ந்து, நல்லபடியாகவே முட்டையிடும். ஆனால் சினைப்பையில் தங்கிய கிருமி, மஞ்சள் கருவோடு அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோழியை எப்படிப் பிரிப்பது? 1913-இல் ரத்தப் பரிசோதனை வந்தது. பின்னர் ஒரு சொட்டு ரத்தத்தைச் சாயமேற்றிய கிருமிக் கரைசலோடு கலந்து பார்த்தார்கள்; திரிதிரியாகத் திரண்டால் அந்தக் கோழி ஆகாது. 1935-இல் அங்கே தேசியத் திட்டமே தொடங்கி, அப்படிப்பட்ட கோழிகளைக் கழித்தார்கள். இன்று அவர்களுடைய வணிகப் பண்ணைகளில் இந்நோய் அநேகமாக இல்லை.

நீங்களும் குஞ்சு வாங்கும்போது, "தாய்க் கோழிக்கு ரத்தம் பார்த்தாச்சா?"ன்னு கேளுங்க. மருந்தில் பிழைச்ச குஞ்சைத் தாய்க் கோழியா வைக்காதீங்க. அது பிழைச்சது உண்மை; நோய் போனது உண்மையில்லை.