உயிர்சிதைவுப் பாலிமர் சாரங்கள்

சேதமடைந்த திசு மீண்டும் வளரும்வரை அதைத் தாங்கி நின்று, பின்னர் உடலுக்குள்ளேயே சிதைந்து மறையும் துளை நிறைந்த பாலிமர் அமைப்புகள். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றவை. பிரிக்க மட்டும் ஆள் வேண்டாம். செல்கள் துளைகளின் சுவரில் ஒட்டிப் பெருகித் தமக்கான கொலாஜனைச் சுரக்கச் சுரக்க, பாலிமர் இடம்விட்டு விலக வேண்டும்.

இதற்குப் பயன்படும் செயற்கைப் பாலிமர்களில் முக்கியமானவை அறுவை அரங்குக்குப் பழையவை. பாலிகிளைகாலிக் அமிலத்தாலான கரையும் தையல் நூல் 1970களின் தொடக்கத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. உடல் அதை ஏற்றுக்கொள்ளும் என்பது தையல் போட்டே தெரிந்திருந்ததால், பாஸ்டனில் ஜோசப் வகான்டியும் ராபர்ட் லாங்கரும் செல்களை ஏற்றிவைக்க அதே வகைப் பொருள்களை எடுத்துக்கொண்டனர். 1993-ல் 'சயன்ஸ்' இதழில் இருவரும் எழுதிய கட்டுரைதான் திசுப் பொறியியல் என்ற துறைக்கு உருக்கொடுத்தது. கொலாஜன் முதலிய இயற்கைப் பாலிமர்களிலும் சாரங்கள் உண்டு. மாட்டுத் தசைநாண் கொலாஜனைக் கொண்ட இன்டெக்ரா என்ற தீக்காயத் தோல் மாற்று 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செய்முறைகளில் எளியது உப்பு முறை. சலித்தெடுத்த சமையலுப்புப் பரல்களைக் குளோரோஃபார்மில் கரைத்த பாலிமரோடு கலந்து அச்சில் ஊற்றுவார்கள். கரைப்பான் ஆவியானதும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்துபோய், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். பரலின் அளவுதான் துளையின் அளவு. எலும்புக்கு ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் நல்லது. மின்புல நூற்பு, முப்பரிமாண அச்சு ஆகியவை பின்னால் வந்தன.

துறையின் உண்மையான சிக்கல் காலக்கணக்கு. இந்தச் செயற்கைப் பாலிமர்களின் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரே அறுக்கிறது. பாலிலாக்டிக் அமிலம் உடைந்தால் வருவது லாக்டிக் அமிலம். உழைக்கும் தசை தானே உண்டாக்கும் அதே பொருள் என்பதால் உடல் அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடித்துவிடுகிறது. ஆனால் வேகம் பொருளுக்குப் பொருள் வேறு. பாலிகிளைகாலிக் அமிலம் சில வாரங்களில் வலுவிழக்கும். பாலிகாப்ரோலாக்டோன் மறைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். தடிமனும் குறுக்கிடுகிறது: கெட்டியான துண்டின் உள்ளே அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கிச் சிதைவைத் தூண்டுவதால், வெளித்தோடு நிற்கும்போதே நடுப்பகுதி கூழாகிவிடும். தேங்கிய அமிலம் ஒரேயடியாக வெளிப்பட்டால், கிருமியே இல்லாமல் அந்த இடம் வீங்கும்.

பொதுமக்களின் கவனத்தை ஈர்த்த சாரம் ஓர் எலியின் முதுகில் இருந்தது. சார்ல்ஸ் வகான்டி குழுவினர் மனிதக் காது வடிவப் பாலிமர் வலையில் மாட்டின் குருத்தெலும்புச் செல்களை இட்டு, நோயெதிர்ப்புக் குன்றிய எலியின் தோலுக்கடியில் பதித்தனர். 1997-ல் ஆய்வு வெளியானது. மரபணு மாற்றத்துக்கு எதிரானவர்கள் அந்தப் படத்தைச் செய்தித்தாள் விளம்பரமாக்கினார்கள். அதில் மரபணு மாற்றமும் இல்லை, மனிதச் செல்லும் இல்லை.

மருத்துவத்தில் தொடக்ககால வெற்றி ஜப்பானுடையது. ஷினோகா தோஷிஹாரு குழுவினர், நான்கு வயதுச் சிறுமியின் அடைபட்ட நுரையீரல் தமனிக்கு, அவளது சிரையிலிருந்து எடுத்த செல்களைப் பாலிமர்க் குழாயில் வளர்த்துப் பொருத்தியதை 2001-ல் அறிவித்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012-ல், மூச்சுக்கிளைக் குழாய் அடிக்கடி மூடிக்கொண்ட ஒரு கைக்குழந்தைக்குப் பாலிகாப்ரோலாக்டோனில் அச்சிட்ட உறையைக் குழாயின் வெளிப்புறம் தைத்தார்கள். அதில் செல்கள் ஏதும் இல்லை. குழந்தையின் குழாய் சொந்த வலுப்பெறச் சில ஆண்டுகள் போதும் என்பதால், இங்கே அந்தப் பாலிமரின் மந்தமே தகுதியாயிற்று.

மாறாகக் கணக்குப் பிசகியதற்கு எடுத்துக்காட்டு, அபாட் நிறுவனத்தின் அப்சார்ப் என்ற கரையும் இதயத் தமனி ஸ்டென்ட். 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்றது; 2017-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. உலோகத்தின் வலுவை எட்ட அதன் கம்பிகளைத் தடிமனாக்க வேண்டியிருந்தது. கரைந்து முடியும் முன்பே அதில் இரத்தம் உறையும் அபாயம் உலோக ஸ்டென்ட்டைவிடக் கூடுதலாக இருந்தது.

காலக்கணக்கைத் தவிர இன்னொரு தடையும் உண்டு. இரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. மெல்லிய தோலுக்கும், சொந்த இரத்தக் குழாயே இல்லாத குருத்தெலும்புக்கும் இது பெரிய தடையல்ல. கல்லீரல், சிறுநீரகம் போன்ற தடித்த உறுப்புகளுக்கான சாரங்கள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாததற்கு இது முக்கியக் காரணம். சாரத்துக்குள்ளேயே நுண்குழாய்களை அச்சிடும் முயற்சிகள் இதற்காகவே நடக்கின்றன.