குளியலறைச் சாதனங்களும் சுவர், தள வேலைப்பாடும்: விஜயபுரம் வட்டாரம்

புதிதாகக் கட்டும் இல்லத்தில் ஸ்நானத்திற்கும் சௌசத்திற்கும் ஒதுக்கப்படும் அறையில் பொருத்தும் பீங்கான் கோப்பை, வாஷ்பேசின், குழாய், ஷவர், வெந்நீர்க் கருவி ஆகியவற்றையும், அவ்வறையின் தரைக்கும் சுவருக்கும் இடும் டைல்ஸ், கல், சாந்து முதலியவற்றையும் தெரிந்தெடுக்கும் முறை ஊருக்கு ஊர் மாறுபடும். அம்மாறுபாட்டுக்குப் பொருள்வசதியும் ரசனையும் ஓரளவே காரணமாக, அந்தந்த ஊரின் தண்ணீரே பிரதான காரணமாக இருப்பதைப் பலர் வீடு கட்டி முடித்த பிறகே அறிகின்றனர். ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில், நகரிக்கு அருகே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த விஜயபுரம் மண்டலம் இவ்வுண்மைக்குச் சிறந்த உதாரணமாகும். வட ஆர்க்காட்டிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து 1911இல் உருவாக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுவதைப் போலவே, வீட்டு அமைப்பிலும் இரு நாட்டு வழக்கங்களும் கலந்தே வந்திருக்கின்றன.

முற்காலத்தில் இவ்வட்டாரத்து வீடுகளில் ஸ்நானம் கிணற்றடியிலோ, கொல்லைப்புறத்தில் தென்னந்தட்டி மறைவிலோ நடைபெற்றது. துவைக்கும் கல்லும், செப்புத் தவலையும், நீர் வழிந்தோடி வாழைப் பாத்திக்குச் சேரும் சிறு வாய்க்காலுமே அன்றைய சாதனங்கள். குளிக்கும் இடத்தையும் மலஜலம் கழிக்கும் இடத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் ஆசாரம் அக்காலத்தது. இன்றும் இடவசதியுள்ளோர் அதனையே விரும்புகின்றனர். அவ்விருப்பம் வெறும் பழமைப்பற்று என்று தள்ளத்தக்கதன்று. ஈரத் தரையையும் உலர்ந்த தரையையும் பிரித்துவைப்பதால் வழுக்கி விழும் அபாயம் குறைகிறது, ஒரே நேரத்தில் இருவர் உபயோகிக்கவும் முடிகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி தனிக் குளியலறைக்குக் குறைந்தபட்சம் 1.8 சதுரமீட்டரும், இரண்டும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுரமீட்டரும் பரப்பு வேண்டும். இரண்டு வகைக்கும் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையலாகாது.

இங்குள்ள நிலத்தடிப் பாறை கடினமானது; அதன் வெடிப்புகளில் தங்கி ஆழ்துளைக் கிணறு வழியாக மேலே வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருப்பதுண்டு. இதனையே மக்கள் 'உப்புத் தண்ணி' என்பர். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கத்தக்கதென்றும், வேறு வழியில்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாமென்றும் கூறுகிறது. ஆகவே குழாய் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதன் அளவை அறிந்துகொள்வதே வீட்டுக்காரர் செய்யவேண்டிய முதற்காரியம். பின்னர்ச் செய்யும் தேர்வுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு காகிதத்தைப் பொறுத்தே அமையும்.

கடினநீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சுண்ணாம்புக் கார்பனேட்டாக மாறி, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. வெந்நீர்க் கருவியாகிய கீஸரில் இப்பொருக்கு சூடேற்றும் கம்பியைப் போர்த்திக்கொள்வதால், மின்சாரம் அதிகம் செலவாவதோடு கம்பியும் சீக்கிரம் எரிந்துபோகிறது. வெப்பநிலையை 60 பாகை செல்சியஸுக்கு மேல் ஏற்றாதிருப்பது இதற்குப் பரிகாரம்; தொட்டியினுள் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியத் தண்டையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். எந்தக் கம்பெனிக் கீஸராயினும், மின்கசிவு நேர்ந்த கணமே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் காப்புச் சுவிட்ச் வீட்டில் இருத்தல் வேண்டும். பணத்தைச் சிக்கனம் செய்ய இது இடமன்று.

குழாய்களில் பித்தளை உடலின்மேல் நிக்கலும் குரோமியமும் பூசப்பட்டவை நெடுநாள் உழைக்கும். ரப்பர் வாஷர் வைத்த பழைய திருகுகுழாய், உப்புநீரில் அடிக்கடி சொட்டினாலும், சில ரூபாய் வாஷரால் உள்ளூரிலேயே சீராகிவிடும். கால் சுற்றில் திறக்கும் பீங்கான் வில்லைக் குழாயோ மென்மையாக இயங்குமாயினும், மணலும் பொருக்கும் வில்லைகளுக்கிடையே புகுந்தால் உட்கூட்டையே மாற்ற நேரிடும். எனவே அவ்வகையை வாங்குபவர், அதே உட்கூடு அருகிலுள்ள ஊர்க்கடையில் கிடைக்குமா என்று விசாரித்தே வாங்குதல் நலம். கொல்லையிலும் துணி துவைக்குமிடத்திலும் பி.டி.எம்.டி. எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் குழாய்களே போதுமானவை, அவை துருப்பிடிப்பதில்லை. இன்று விளம்பரங்களில் கவர்ச்சியோடு காட்டப்படும் கறுப்பு நிறக் குழாய்களும் கண்ணாடித் தடுப்பும் உப்பு நீருள்ள வீட்டில் துளிதோறும் வெண்புள்ளி காட்டுமாதலால், தினந்தோறும் துடைக்க ஆளில்லாத வீட்டில் அவற்றைத் தவிர்ப்பதே உசிதம்.

ஷவரைப் பற்றிய ஏமாற்றம் மிகப் பொதுவானது. தண்ணீர் மட்டம் பத்து மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் உண்டாகும். ஒற்றை மாடி வீட்டின் மொட்டைமாடியில் வைத்த தொட்டிக்கும் ஷவர்த் தலைக்குமுள்ள உயர வேறுபாடு ஒன்றிரண்டு மீட்டரே ஆதலால், கிடைக்கும் அழுத்தம் 0.1 முதல் 0.2 பார் வரையே. ஒரு பாருக்கு மேல் கேட்கும் அகன்ற மழை ஷவரை அங்கே மாட்டினால், மழைக்குப் பதில் ஒழுகலே காணப்படும். தொட்டியைத் தனி மேடையில் உயர்த்துதல், அழுத்தப் பம்பு வைத்தல், குறைந்த அழுத்தத்திற்கென்றே செய்த சிறிய ஷவரை வாங்குதல் ஆகிய மூன்றனுள் ஒன்றைக் கட்டடம் எழும்போதே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். துளைகள் சிலிக்கான் முனையுடையனவாக இருந்தால், விரலால் தேய்த்த மாத்திரத்தில் பொருக்கு உதிர்ந்துவிடும். வாளியும் குவளையும் கொண்டு குளிப்பது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கோடையில் போர் வற்றும் ஊரில் அதுவே ஜலத்தைச் சேமிக்கும் முறையுமாகும்.

பீங்கான் சாதனங்கள் முன்னாளில் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாயின. பழைய வட ஆர்க்காட்டிலேயே, இராணிப்பேட்டையில், பாரி கம்பெனியார் 1952ஆம் ஆண்டு பீங்கான் சுகாதாரச் சாதனங்களின் உற்பத்தியைத் தொடங்கிப் 'பாரிவேர்' என்ற பெயரை இந்தியா முழுவதும் பரவச் செய்தது இவ்வட்டாரம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அந்நிறுவனம் பின்னர் ஸ்பெயின் நாட்டு ரோக்காவின் வசமாயிற்று. குஜராத்தின் தான்கட் நகரும் இத்தொழிலில் பேர்பெற்றது. குந்தி உட்காரும் இந்திய வகை, நாற்காலி போல் உயர்ந்த மேனாட்டு வகை என்ற இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் வீடுதோறும் நிகழ்வது. முழங்கால் நோயுள்ள முதியோர் வீட்டிலிருப்பின், ஒரு கழிப்பறையிலாவது மேனாட்டுக் கோப்பையும், பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பியும் இருக்கவேண்டுமென்பதில் மட்டும் வாதத்திற்கிடமில்லை. சுவரில் தொங்கும் கோப்பை தரையைச் சுத்தம் செய்ய அனுகூலமானது. ஆனால் நாலரை அங்குலச் செங்கற்சுவர் தனியே அதன் பாரத்தைத் தாங்காது, தரையில் ஊன்றிய இரும்புச் சட்டம் அவசியம்.

கோப்பை வாங்குமுன் மேஸ்திரி கழிவுக்குழாயைப் புதைத்துவிடுவது சகஜமான தவறு. தரை வழியே கழிவு இறங்கும் 'எஸ்' வகைக்கும், சுவர் வழியே வெளியேறும் 'பி' வகைக்கும் குழாய் இருக்குமிடம் முற்றிலும் வேறு. 'எஸ்' வகையிலும் சுவரிலிருந்து குழாயின் மையம் 9 அங்குலமா, 12 அங்குலமா என்பது கோப்பைக்குக் கோப்பை மாறும், அதுவும் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அளக்கப்படுவது. ஒருமுறைக்கு 10 லிட்டர் விழுங்கிய பழைய சிஸ்டர்னுக்குப் பதிலாக 3, 6 லிட்டர் என்று இரு பொத்தான் உள்ளதை வாங்குவது, போர்த் தண்ணீரை நம்பிய குடும்பத்திற்குக் கண்கூடான லாபம்.

தரைக்கு மினுமினுக்கும் பளிங்குபோன்ற டைல்ஸ் எவ்வளவு அழகாயினும் ஆகாது. சொரசொரப்பான மேற்பரப்பும், நீர் உறிஞ்சும் தன்மை 0.5 சதவீதத்திற்கு மேற்படாத விட்ரிஃபைட் வகையுமே ஏற்றவை. சுவர் டைல்ஸ் பத்துச் சதவீதத்திற்கு மேல் உறிஞ்சுவனவாயினும் குற்றமில்லை. ஆனால் கடைக்காரர் மிச்சச் சரக்கைத் தள்ள எண்ணி அதையே தரைக்குக் கொடுத்தால் மறுத்துவிட வேண்டும். டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அண்மைக் காலத்தில் ஸ்ரீகாளஹஸ்தியிலேயே கஜாரியா நிறுவனத்தாரின் ஆலை அமைந்திருக்கிறது. கடப்பைக் கல் இவ்வட்டாரத்தில் மலிவும் உறுதியும் வாய்ந்தது. துவைக்கும் மேடைக்கும் தட்டுக்கும் அதற்கு நிகரில்லை. ஆயின் அது சுண்ணாம்புக்கல் இனத்தது. நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ ஊற்றும் ஆசிட் அதன் மேல்முகத்தைத் தின்றுவிடும். குரோமியப் பூச்சையும், டைல்ஸின் இடுக்குகளில் அடைத்த சிமென்ட்டையும் அதே ஆசிட் அரித்துவிடுவதால், எலுமிச்சைச் சாறோ, நீர் கலந்த வினிகரோ கொண்டு பொருக்கை நீக்கும் பழக்கம் உலோகத்துக்கும் டைல்ஸுக்கும் நல்லது. கல்லின்மேல் மட்டும் அவையும் படலாகாது. நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளை இரும்புக் கறையைக் காட்டும், கருமை உப்பைக் காட்டும். தந்தநிறமும் இளஞ்சாம்பலும் இரண்டையும் மறைப்பன.

கண்ணுக்குத் தெரியாத வேலையே முக்கியமானது. தரை ஓர் அடிக்குச் சுமார் கால் அங்குலம் என்ற கணக்கில் ஜாலியை நோக்கிச் சரிதல் வேண்டும். ஜாலிக்கடியிலுள்ள நானி டிராப்பில் 50 மில்லிமீட்டர் நீர் எப்போதும் நின்றாலன்றித் துர்நாற்றமும் கரப்பானும் மேலேறும். மாடிக் குளியலறையில், நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிரப்பி, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தோன்றுகிறதா என்று பார்த்த பின்னரே டைல்ஸ் ஒட்ட அனுமதிக்க வேண்டும். கூலியாட்கள் காத்திருக்க நேருமென்று இச்சோதனையைக் கைவிட்டவர் வீட்டில் ஒழுகல் தோன்றினால், ஒட்டிய டைல்ஸ் முழுவதையும் பெயர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுவரினுள் செல்லும் குழாய்களை மூடுமுன் அவற்றின் வழியைப் புகைப்படமெடுத்து வைத்தால், பின்னாளில் கைப்பிடிக்கோ கண்ணாடிக்கோ துளையிடுபவர் குழாயைத் துளைத்துவிடமாட்டார். டைல்ஸ் வாங்குகையில் எல்லாப் பெட்டிகளிலும் சாயத்தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு மேல் ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கிப் பரணில் வைக்கவேண்டும்; ஒரே பெயருடைய டைல்ஸாயினும் அடுத்த தொகுதியில் அதன் சாயல் சிறிது மாறியே வருவது வழக்கம்.