பழைய லென்ஸின் பின்பக்கம்

பழைய லென்ஸ் ஒன்றை வாங்கப் போனால் நாங்கள் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்ப்போம். கண்ணாடியில் கீறல் கிடக்கா, சுற்றி என்ன பெயர் எழுதியிருக்கு என்று. ஆனால் அது எங்கட கமராவில் ஏறுமா என்பதைச் சொல்வது பின்பக்கம். அங்கே கொஞ்சம் வரலாறும் இருக்கிறது.

1945 பெப்ரவரியில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் அழிந்தது. கமராத் தொழிற்சாலைகளும் தப்பவில்லை. நான்கு வருடம் கழித்து, 1949 இல், சோவியத் பிடியிலிருந்த அதே நகரத்திலிருந்து கொன்டாக்ஸ் எஸ் கமரா வந்தது. அதன் லென்ஸைப் போத்தல் மூடி மாதிரித் திருகிப் பூட்டலாம். விட்டம் 42 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1 மில்லிமீற்றர். இதைத்தான் இன்றைக்கு எம்42 என்கிறோம். அதே நகரத்தின் பிராக்டிகாவும் இந்தப் புரியையே எடுத்தது. மேற்கு ஜேர்மனியின் எடிக்சா, 1957 இல் ஜப்பானின் பென்டாக்ஸ், பிறகு யாஷிக்கா, சோவியத் செனிட் என்று பலர் வந்து சேர்ந்தார்கள். உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்து நின்ற காலத்தில், இரண்டு முகாமின் லென்ஸும் ஒரே கமராவில் ஏறின.

பெயர்களின் கதை வேறு. நாடு பிரிந்தபோது கார்ல் சைஸ் நிறுவனமும் கிழக்கு, மேற்கு என இரண்டானது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று நீண்ட வழக்கு. அதனால் கிழக்கில் செய்த லென்ஸ்கள் மேற்கில் 'அவுஸ் யேனா', அதாவது 'யேனாவிலிருந்து', என்ற எழுத்தோடு விற்கப்பட்டன. கொன்டாக்ஸ் எஸ்சுக்கும் பென்டகொன் என்ற பெயர் வந்தது. பெயர்தான் மாறியது, புரி மாறவில்லை.

1959 இல் நிகோன் தனக்கென்று தனி மவுண்ட் செய்தது. 1975 இல் பென்டாக்ஸும் திருகு புரியைக் கைவிட்டு கே மவுண்டுக்குப் போனது. எம்42 மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இப்போது கண்ணாடியில்லா டிஜிட்டல் கமராக்கள் அதைத் திரும்பவும் உயிர்ப்பித்திருக்கின்றன. எம்42 லென்ஸ் தன் இருப்பிடத்திலிருந்து 45.46 மில்லிமீற்றர் பின்னால் படத்தை விழுத்தும். சோனி ஈ மவுண்டில் அந்தத் தூரம் 18 தான். மிச்ச இடத்தை ஒரு அடப்டர் நிரப்பிவிடும். நிகோன் எஃப்பில் 46.5. அதில் வெறும் வளையத்தைப் போட்டால் தூரத்துக் காட்சி தெளியாது.

வாங்கும்போது ஏமாறுகிற இடங்கள் இரண்டு. பழைய செனிட் லென்ஸ்கள் 39 மில்லிமீற்றர் புரி. பழைய லைக்காவும் 39 தான். ஆனால் செனிட்டின் தூரம் 45.2, லைக்காவின் தூரம் 28.8. லைக்கா அடப்டரில் செனிட் லென்ஸைப் பூட்டினால் எல்லாமே மங்கல்தான். அடுத்தது டி மவுண்ட். அதுவும் 42 தான், ஆனால் புரி இடைவெளி 0.75. எம்42 இல் கொஞ்சம் திருகுப்பட்டு இறுகி நிற்கும். பலம் போட்டுத் திருக வேண்டாம், இரண்டு புரியும் போய்விடும்.

ஆகவே, விற்கிறவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கோ. புரிக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்து எடுத்த படமாக இருக்கட்டும். புரியே இல்லாமல் உலோக நாக்குகள் தெரிந்தால் அது வேறு குடும்பம். 39 ஆ 42 ஆ என்று தெரிந்த பிறகு விலை பேசலாம். பெயரை ஆறுதலாக வாசிக்கலாம். அதுவும் ஒரு நல்ல கதைதான்.