கடைமடையில் ஏறிய உப்பு

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைத் தொடர்ந்து கீழத்தஞ்சைக்கு வந்த சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அங்கேயே வேலையைத் தொடங்கினார்கள். நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலத்தைப் பதிந்து தருவதற்காக 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பு பிறந்தது.

தொண்ணூறுகளில் அந்த நிலத்துக்கே வைரி வந்தது. காவிரிக் கடைமடையில் நிலம் மலிவு, கடலோ பக்கம், ஏற்றுமதி இறாலுக்கு நல்ல விலை. நிறுவனங்கள் வயல்களை வாங்கிக் குளம் வெட்டின. மோட்டார் வைத்து உப்புநீரை ஏற்றின. குளத்து உப்பு கசிந்து ஊர்க் கிணறுகள் கெட்டன. தீவன எச்சமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலில் இறங்கியது. ஊரே இறங்கி நடவு நட்ட இடத்தில் காவலாளிகள் சிலருக்கே வேலை. மீனவர் கடலுக்குப் போகும் வழியையும் பண்ணைகள் மறித்தன.

பட்டா கையில் இருந்தும் மண் உவராகிப்போனால் அதை வைத்து என்ன செய்வது? எண்பதை எட்டிய ஜெகந்நாதன் பூமிதான (நிலக்கொடை) இயக்கக் காலத்து வழிகளையே மறுபடி கையில் எடுத்தார்: சத்தியாக்கிரகம், உண்ணாவிரதம். கூடவே 1994இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். நாக்பூர் ‘நீரி’ சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவன வல்லுநர்கள் நீதிமன்ற ஆணைப்படி பண்ணைகளை நேரில் ஆய்ந்து அறிக்கை தந்தார்கள்.

1996 டிசம்பர் 11 அன்று குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மரபுவழிப் பண்ணைகள் தவிர மற்றவை 1997 மார்ச் 31க்குள் இடிக்கப்பட வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு எதையும் இறால் குளமாக்கக் கூடாது. வேலையிழக்கும் தொழிலாளருக்கு இழப்பீடும் உண்டு.

தீர்ப்பு வந்தது, பண்ணைகள் போகவில்லை. மறுஆய்வு மனுக்கள் குவிந்தன. கடைசியில் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்புக்குத் தனிச் சட்டம் இயற்றி, மண்டல விதியிலிருந்து 1991 முதலே முன்தேதியிட்டு விலக்கும் கொடுத்தது. வழக்கில் வென்றவர், சட்டத்தில் தோற்றார்.

ஆனாலும் 2013இல் மறையும்வரை, ஏழைக்கு நிலம் வாங்கித் தருவதையும் அந்த நிலம் விளையும்படி காப்பதையும் அவர் இரண்டு வேலையாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்னதாக, 2004 டிசம்பர் 26 காலையில், கடலே நாகைக் கரையேறி வந்தது. அது அடுத்த வாரம்.