கழிவுநீர் மறுசுழற்சி: சென்னையின் குடிநீருக்குக் கைகொடுப்பது எப்படி?

சென்னை: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 கோடையில் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வழங்க 1983-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எனினும், அந்த அளவு முழுமையாகக் கிடைத்ததில்லை. இந்நிலையில், மழையையும் அண்டை மாநில அணையையும் நேரடியாகச் சாராத நீர் ஆதாரமாகக் கழிவுநீர் கருதப்படுகிறது.

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையங்கள் 2019-ல் தொடங்கப்பட்டன. வழக்கமான முறையில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் அங்கு மீண்டும் வடிகட்டப்படுகிறது. பின்னர் நுண் சவ்வுகள் கிருமிகளையும், எதிர் சவ்வூடு பரவல் முறை கரைந்துள்ள உப்புகளையும் நீக்குகின்றன.

இந்த நீர் வீடுகளுக்கு வழங்கப்படுவதில்லை. கொடுங்கையூர் நிலையம் மணலி, மீஞ்சூர் பகுதி ஆலைகளுக்கும், கோயம்பேடு நிலையம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் நீர் வழங்குகின்றன. ஆலைகள் இதைப் பயன்படுத்தும் அளவுக்கு நன்னீர் மிச்சமாகிறது. பெருநகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்ற மத்திய அரசின் அளவுகோலின்படி, இரு நிலையங்களின் முழுத் திறனான 9 கோடி லிட்டர் 6 லட்சம் பேரின் தேவைக்குச் சமம்.

அடுத்த கட்டம், சுத்திகரித்த நீரை ஏரிகளில் கலந்து, மீண்டும் சுத்திகரித்துக் குடிநீராக வழங்குவதாகும். நெசப்பாக்கத்தில் சுத்திகரிக்கப்படும் நீரைப் போரூர் ஏரியில் சேர்க்கும் திட்டம் இத்தகையதே. சிங்கப்பூர் 2003 முதல் இதே முறையில் சுத்திகரித்த நீரின் ஒரு பகுதியை நீர்த்தேக்கங்களில் கலந்து வருகிறது. எஞ்சிய பெரும்பகுதி ஆலைகளுக்குச் செல்கிறது. நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் 1968 முதல் ஏரியில் கலக்காமலேயே குடிநீர்க் குழாய்களில் சேர்க்கப்படுகிறது.

அனைத்து ஏரிகளுக்கும் ஒரே தரம் போதாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்ட ஏரிகளில் 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் நிலை சுத்திகரிப்புடன் நிரப்பப்படுகிறது. நிலத்தடி நீர் உயர்ந்தபோதிலும், மூன்றாம் நிலை சுத்திகரிப்பு தேவை என்ற கோரிக்கை அங்கு தொடர்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகும் பகுதிகளில், ஏரியில் சேர்வது நாளடைவில் கிணற்றையும் அடையும் என்பதே அதற்குக் காரணம்.

சவ்வுகள் பிரித்தெடுக்கும் உப்பும் வேதிப்பொருள்களும் செறிந்த எச்சநீரைப் பாதுகாப்பாக அகற்றுவதும் அவசியம். குடிநீரில் கலக்கும் நிலை வரும்போது, நாள்தோறும் தரப் பரிசோதனை செய்து முடிவுகளை வெளியிடுவதே மக்களின் நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.