தோரணம்: சொல்லும் பொருளும்

தோரணம் என்பது திருமணம், கோயில் விழா, புதுமனை புகுவிழா முதலிய நிகழ்வுகளில் வாயிலிலும் பந்தலிலும் கட்டித் தொங்கவிடப்படும் அலங்கார மாலையாகும். மாவிலை, தென்னங்குருத்து, பூ, வண்ணத்தாள் ஆகியவற்றால் இது செய்யப்படுகிறது. ஆனால் இச்சொல்லின் முதற்பொருள் மாலை அன்று, வாயில் வளைவு.

சொற்பிறப்பு

'தோரண' என்பது வடமொழிச் சொல். இரு தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்குச் சட்டமோ வளைவோ அமைத்த நுழைவாயிலை அது குறிக்கும். வாயிலில் கட்டும் இலை மாலைக்கு வடமொழியில் 'வந்தனமாலை' எனத் தனிச்சொல் உண்டு. இந்தியில் வழங்கும் 'பந்தன்வார்' அதிலிருந்து வந்ததே.

கல்லில் தோரணம்

மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சிப் பெரிய தூபியைச் சுற்றி நான்கு திசைகளிலும் கல் தோரணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரு சதுரத் தூண்களும் மூன்று குறுக்கு விட்டங்களும் உள்ளன. தெற்குத் தோரணத்தில், விதிசா நகரத் தந்த வேலைக்காரர்கள் அதில் சிற்பம் செதுக்கியதைக் கூறும் கல்வெட்டு உள்ளது. வாரங்கல் கோட்டையில் காகதீயர் எழுப்பிய தோரணம், 2014இல் ஏற்கப்பட்ட தெலங்கானா அரசு முத்திரையில் இடம்பெற்றது. தமிழகக் கோயில்களில், தெய்வ உருவம் அமைந்த கோட்டங்களின் மேல் காணப்படும் வளைவுக்கு 'மகர தோரணம்' என்று பெயர்.

தமிழ் இலக்கியத்தில்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகர மாளிகைகளின் வாயிலில் நின்ற மகர தோரணங்களைக் கூறுகிறது. அங்கே மகரத்தின் வாயிலிருந்து முத்துச் சரங்கள் தொங்குகின்றன. வளைவும் அதில் தொங்கும் சரமும் ஒரே காட்சியில் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆண்டாள் தம் திருமணக் கனவைப் பாடும்போது, தோரணத்துக்கு 'நாட்டுதல்' என்ற வினையை ஆள்கிறார். நாட்டுதல் என்றால் நிலத்தில் ஊன்றி நிறுத்துதல். கம்பத்தை நாட்டலாம்; மாவிலைச் சரத்தை நாட்ட முடியாது. இப்பாடலைப் படிக்கும் மாணவர்கள் வெறும் இலைச் சரத்தை எண்ணிக்கொண்டால், ஊர்ப்புறமெங்கும் வளைவுகள் எழுந்து நிற்கும் அந்தப் பெருங்காட்சி கண்ணில் படாமலே போய்விடும்.

பொருள் மாற்றம்

விழா நாளில் வளைவை இலையும் பூவும் கொண்டு அழகுசெய்வர். நாளடைவில் வளைவின் பெயர் அதில் தொங்கும் மாலைக்கு ஆகியது. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்கிறது. வினையும் உடன் மாறியது: அன்று தோரணம் நாட்டினர், இன்று தோரணம் கட்டுகிறோம்.

இன்றைய வழக்கு

தெலுங்கிலும் கன்னடத்திலும் மாவிலைச் சரத்துக்கு இதே பெயர். குசராத்தில் வாயிலில் மாட்டும் பூத்தையல் துணி 'தோரண்' எனப்படுகிறது. இலங்கையில் வெசாக் நாளில் புத்த சாதகக் கதைகளைக் காட்டும் ஒளிப்பந்தல்கள் சிங்களத்தில் 'தோரண' எனப்படுகின்றன. அங்கே பழைய கட்டுமானப் பொருளே நிலைத்துள்ளது.

தமிழிலும் பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை. 'தோரணவாயில்' என்னும் தொடரில் அது இன்றும் வாழ்கிறது.