உணவு ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கான ஆதரவு: பாலாவி

உணவு ஒவ்வாமை என்பது மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத உணவுப் புரதத்தை ஒருவரின் நோயெதிர்ப்புத் தொகுதி எதிர்ப்பதால் உண்டாகும் நிலை. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவற்றில் தொடங்கி மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி வரை அது செல்லலாம். உயிருக்கு ஆபத்தான நிலை அனபிலாக்சிஸ் எனப்படும். புத்தளம் மாவட்டத்தில், கொழும்பு–புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியில் மீன், இறால், கருவாடு அன்றாட உணவு. பிள்ளைக்கு ஊட்டும் ஒவ்வொருவரும் விவரம் அறிந்திருப்பதே இங்கு குடும்பத்துக்கான முதல் ஆதரவு.

உள்ளூர் உணவுகள்

இறாலிலும் நண்டிலும் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் சமைத்தாலும் அழியாது. மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது பார்வல்புமின் என்ற வேறு புரதம். எனவே இறால் ஒவ்வாத பிள்ளைக்கு மீனையும் தாமாகவே நிறுத்த வேண்டியதில்லை. இலங்கையில் பசுப்பாலும் மாட்டிறைச்சியும் குறிப்பிடத்தக்க காரணிகள். சம்பலில் மாசிக் கருவாடும், வட்டிலப்பத்தில் முட்டையும் கஜுவும், நோன்புக் கஞ்சியில் இறைச்சியும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். பலர் சேர்ந்துண்ணும் சஹனில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் உணவுக்கு அவை பரவலாம். விருந்துகளில் பிள்ளைக்குத் தனித்தட்டு வைப்பது நல்லது.

நோயறிதல்

குளிரில் வைக்காத சூரை போன்ற மீன்களில் பெருகும் ஹிஸ்டமின் முகச்சிவப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். இது ஒவ்வாமையன்று, நச்சுணவின் விளைவு. சமைத்தாலும் ஹிஸ்டமின் நீங்காது. உண்டவர் பலருக்கும் ஒரே நேரத்தில் அறிகுறி தோன்றினால் இதையே முதலில் ஐயுற வேண்டும். இரத்தப் பரிசோதனை மட்டும் ஒவ்வாமையை உறுதி செய்யாது. உண்டது, நேரம், அறிகுறி ஆகியவற்றின் குறிப்பும் மருத்துவருக்குத் தேவை. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு ஒவ்வாமைத் துறையில் பணியாற்றுகிறது. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளர நீங்கும்; இறால், நிலக்கடலை ஒவ்வாமை பெரும்பாலும் நிலைக்கும்.

போசாக்கும் பராமரிப்பும்

காரணமின்றி உணவுகளை விலக்கினால் வளர்ச்சி குன்றும். பசுப்பாலுக்கு ஆட்டுப்பால் மாற்றாகாது. இரண்டின் புரதங்களும் ஒத்தவை. மீன் ஒத்துக்கொண்டால் முள்ளோடு உண்ணும் நெத்தலி கல்சியம் தரும். பிள்ளையின் எடையைக் கண்காணிக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தடுப்பூசிக்கு முன்பே ஒவ்வாமையைச் சொல்ல வேண்டும். ஊசியைத் தாமாகத் தவிர்க்கக் கூடாது. விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பாடசாலை, மத்ரஸா, உறவினர் வீடுகளில் கொடுத்து வைக்கலாம்.

அவசரநிலை

அனபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் தொடைத் தசையில் ஏற்றப்படும். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத்திணறினால் உட்கார வைக்கலாம். சில மணி நேரத்தின் பின் அறிகுறிகள் மீளக்கூடும் என்பதால் தேறிய பிள்ளையும் வைத்தியசாலையில் கண்காணிக்கப்பட வேண்டும். அருகில் புத்தளம் ஆதார வைத்தியசாலை உள்ளது. 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம்.